அவன் எந்த வகுப்பில் நின்றான்?

"என்ன சொல்லி அவனைப் படிக்க வைத்தாய்?" என்று உறவுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கோபம் எழுகிறது. கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை ஒன்று இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி ஒரு முடிவோடுதான் வருகிறது. படிக்காத பிள்ளையின் மனத்தில் ஏதோ குறைகிறது, சரியான சொல் ஒன்று கிடைத்துவிட்டால் அது நிரம்பிவிடும் என்ற முடிவு அது. என் அண்ணன் மகனுக்கு அப்படிப்பட்ட சொற்கள் ஊர் முழுக்கக் கிடைத்தன. அப்துல் கலாம் செய்தித்தாள் போட்டுப் படித்த கதையை அவன் எத்தனை பேரிடம் கேட்டிருப்பான் என்பதற்குக் கணக்கில்லை. கடைசியில் அவனை நகர்த்தியது அவற்றில் எதுவும் இல்லை. அதை இரண்டு வரியில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

2024 ஜூனில் அவன் பத்தாம் வகுப்புக்குப் போனான். அண்ணனுக்குப் பவானியில் மளிகைக் கடை. நான் ஈரோட்டில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன். பள்ளிக்கு அவன் ஒழுங்காகப் போனான். கரும்பலகையில் எழுதிப் போடுவதை அழகாகப் பார்த்தெழுதிக்கொண்டு வருவான். வீட்டுப்பாடம் என்று ஒன்றைத் தானாகச் செய்ய வேண்டிய இடத்தில்தான் நின்றுவிடுவான். அம்மா கேட்டால் "செய்துவிட்டேன்" என்பான். அப்பா கேட்டால் பதிலே வராது. டியூஷன் ஆசிரியர் கேட்டால் நோட்டை மறந்துவிட்டு வந்திருப்பான். திட்டினால் முறைப்பான், அடித்தால் அழமாட்டான். காலாண்டுத் தேர்வில் கணக்குத் தாளைப் பெயரும் எண்ணும் எழுதியதோடு ஏறக்குறைய வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தான். அண்ணன் அன்று என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மிணி, இவனுக்குத் திமிர். சோம்பேறித்தனம். கடையிலேயே உட்கார வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

சோம்பேறி என்ற சொல்தான் எனக்கு ஒட்டவில்லை. காலையில் பால் பாக்கெட் கிரேட்டுகளை இறக்குபவன் அவன். சரக்கு வரும் நாளில் ஐம்பது கிலோ அரிசி மூட்டையை வேலையாளோடு சேர்ந்து தள்ளி அடுக்குவான். பண்டிகை நாட்களில் இரவு கடை சாத்தும் வரை கால் மாற்றாமல் நிற்பான். இப்படி உழைக்கிற ஒருவன் ஒரு பக்கம் கணக்கு எழுத மட்டும் மறுக்கிறான் என்றால், அதற்குச் சோம்பல் எப்படிக் காரணமாகும்? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

வீட்டில் செய்யாத வைத்தியம் இல்லை. கைபேசியைப் பிடுங்கி வைத்தார்கள். விடியற்காலை ஐந்து மணி டியூஷனில் சேர்த்தார்கள். (பதின்ம வயதில் உடல் கடிகாரம் இயற்கையாகவே பின்னுக்குத் தள்ளிப் போகிறது, தூக்கம் தாமதமாகத்தான் வரும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே, இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. நாம் அவர்களை ஐந்து மணிக்கு முக்கோணவியலுக்கு எழுப்பிவிட்டு, அக்கறை இல்லை என்கிறோம்.) பள்ளிக்கு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்தார். அன்று மாலை அவன் உற்சாகமாகத்தான் திரும்பினான் என்று அண்ணி சொன்னார். அடுத்த நாள் நோட்டைத் திறந்தான், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான், மூடிவிட்டான். அதற்குப் பிறகு முன்பைவிடவும் முகம் இறுகிப்போனது.

நானூறு மதிப்பெண் எடுத்தால் புதுக் கைபேசி என்று அண்ணன் ஆசை காட்டியதும் நடந்தது. பரிசு ஆசை காட்டுவதைப் பற்றி உளவியலில் புகழ்பெற்ற சோதனைகள் உண்டு. எட்வர்டு டெசி 1971-இல் புதிர் விளையாட்டுகளை வைத்துச் செய்ததும், லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் படம் வரைவதில் ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்ததும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். ஏற்கெனவே விரும்பிச் செய்யும் ஒன்றுக்குக் கூலி கொடுத்தால் அந்த விருப்பம் குன்றுகிறது என்பது அவற்றின் சாரம். எங்கள் வீட்டுப் பிரச்சினை அதற்கும் முந்தைய படியில் இருந்தது. குன்றுவதற்கு அங்கே விருப்பமே இல்லை. எட்டவே முடியாது என்று அவனுக்கே தெரிந்த ஓர் இடத்தில் பரிசைத் தொங்கவிட்டிருந்தோம். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தன்னால் முடியாது என்பதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

முக்கால் கிலோ பருப்பு

காலாண்டு விடுமுறையில் ஒரு சாயங்காலம் கடையில் அவனோடு உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா வந்து முக்கால் கிலோ துவரம் பருப்பு கேட்டார். கிலோ 168 ரூபாய். பருப்பை எடை போட்டுக்கொண்டே, கால்குலேட்டரைத் தொடாமல் "நூற்று இருபத்தாறு" என்றான். எப்படிக் கண்ணு இவ்வளவு வேகமாகச் சொன்னாய் என்று கேட்டேன். "அரைக் கிலோ எண்பத்து நான்கு. அதில் பாதி நாற்பத்திரண்டு. கூட்டினால் வந்துவிடும்" என்று தோளைக் குலுக்கினான். அவனுக்கு அது கணக்காகவே தோன்றவில்லை.

அந்த அம்மா போன பிறகு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் 1/2 + 1/4 என்று எழுதி அவன் பக்கம் நகர்த்தினேன். அந்த நொடியில் அவன் உடம்பு மாறியதை நான் பார்த்தேன். தோள் இறுகியது, கண் தெருப் பக்கம் போனது. சற்று முன் எடைத் தட்டைக் கையாண்ட அதே கை பேனாவை நுனியில் பிடித்துக்கொண்டு தயங்கியது. பிறகு வேகமாக, முடித்துத் தொலைத்தால் போதும் என்பதுபோல் 2/6 என்று எழுதினான். மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டியிருந்தான்.

நான் அதைச் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "அரைக் கிலோவும் கால் கிலோவும் சேர்ந்தால் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டேன். "முக்கால்" என்றான். தான் எழுதியதைப் பார்த்தான். "இதில் இரண்டுதான் வருகிறது..." என்று இழுத்தான். அதற்குள் பீடி வாங்க ஒருவர், சர்க்கரை வாங்க ஒரு சிறுமி என்று ஆட்கள் வந்து போனார்கள். அவன் அந்தத் தாளைத் தூக்கி எறியவில்லை. வியாபாரம் ஓய்ந்ததும் அவனாகவே, "அப்படியென்றால் கீழே இருப்பதைக் கூட்டக் கூடாதா அத்தை?" என்றான். படிப்பைப் பற்றி அவன் வாயிலிருந்து கேள்வி என்று ஒன்று வந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ஒரு கிலோவை நான்கு கால் கிலோ பொட்டலங்களாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். அரைக் கிலோ என்பது இரண்டு பொட்டலம், அதோடு இன்னொன்று. அவனே 3/4 என்று எழுதினான். எழுதிவிட்டு, "இது எந்த வகுப்பில் வரும்?" என்று கேட்டான். ஆறாம் வகுப்பு என்றேன்.

"ஆறாம் வகுப்புக்கு நான் போகவே இல்லையே அத்தை."

நான் வாயடைத்துப் போனேன். அவன் சொன்னது அப்பட்டமான உண்மை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது அவன் ஐந்தாம் வகுப்பில் இருந்தான். 2020-21 கல்வியாண்டு முழுவதும் ஆறாம் வகுப்பின் கதவு திறக்கவில்லை. அடுத்து அவன் பள்ளிக்குள் கால் வைத்தது, ஒன்று முதல் எட்டு வரை மீண்டும் திறந்த 2021 நவம்பர் 1-ஆம் தேதி; அப்போது அவன் ஏழாம் வகுப்பு மாணவன். 2022 ஜனவரியில் மூன்றாம் அலைக்காகத் திரும்பவும் மூடி, பிப்ரவரியில்தான் திறந்தார்கள். பின்னமும் குறை எண்களும் ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவப் புத்தகத்தில் அடுத்தடுத்த பாடங்கள். அவை இரண்டும் இல்லாமல் ஏழாம் வகுப்பு இயற்கணிதம் ஏறாது, அது இல்லாமல் எட்டாம் வகுப்பில் காரணிப்படுத்தல் புரியாது. வீட்டில் இருந்த ஒரே கைபேசி கடையில் அண்ணனிடம் இருக்கும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது உண்மைதான். புரியாதபோது கை தூக்கிக் கேட்கத் தொலைக்காட்சியில் வழியில்லை. பிறகு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது அது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காக வந்தது. இவன் அப்போது எட்டாம் வகுப்பு. தெருவில் மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் வகுப்பெடுத்தார்கள். கூடவே உட்கார்ந்தவர்கள் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் என்பதால் குரல் உடையத் தொடங்கிய வயதில் இவனுக்குக் கூச்சமாகி, போவதை நிறுத்திவிட்டான். எல்லோரையும் போலத் தேர்ச்சி பெற்று மேலே போய்க்கொண்டே இருந்தான். யாரும் அவனை எங்கும் நிறுத்தி, இது தெரியுமா என்று பார்க்கவில்லை.

அடங்காதவன் என்ற பெயர்

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவனுடைய மறுப்பு எனக்கு வேறு விதமாகத் தெரியத் தொடங்கியது. பதினைந்து வயதில் ஒருவன் வகுப்பில் இரண்டு பெயரில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, முயன்றும் வராதவன். மற்றது, வேண்டுமென்றே படிக்காதவன். எந்தப் பிள்ளையும் இரண்டாவதைத்தான் எடுப்பான். அதில் கொஞ்சம் கெத்தாவது மிஞ்சும், 'நினைத்தால் படித்துவிடுவான்' என்ற பேச்சாவது மிஞ்சும். மார்ட்டின் கோவிங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களிலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். முழு மூச்சாக முயன்று தோற்றால் 'உனக்கு மூளை இல்லை' என்பது உறுதியாகிவிடும். முயலாமலே தோற்றால் அந்தத் தீர்ப்பிலிருந்து தப்பிக்கலாம். ஆகவே முயலாமல் இருப்பது மாணவன் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி என்றார் அவர். இதைப் படித்தபோது அந்தத் தன்னம்பிக்கைப் பேச்சுக்கு மறுநாள் நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. பேச்சாளர் அவனை உண்மையிலேயே உசுப்பிவிட்டார். அவனும் நம்பி நோட்டைத் திறந்தான். உள்ளே இருந்தது 'உறவுகளும் சார்புகளும்'. ஆறாம் வகுப்புப் பின்னம் தெரியாதவனுக்கு அங்கே பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை. ஊக்கம் வந்தும் முடியவில்லை என்பது, ஊக்கமே வராததைவிடக் கொடுமையான அனுபவம்.

கடையில் மின்னல் வேகம், தாளில் திணறல் என்ற இந்த வேறுபாடும் அவன் ஒருவனுக்கு உரியதில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரில், தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர் சிறுமியரிடம் ஆய்வாளர்கள் முதலில் வாடிக்கையாளர்போல் விலை கேட்டார்கள்; பிறகு அதே வகைக் கணக்குகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். 1985-இல் வெளியான அந்த ஆய்வில், தெருவில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள் தாளில் சுமார் 37 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள். அறிவு இருந்தது, தாளுக்குப் போகும் பாதைதான் போடப்படவில்லை. நம் நாட்டிலும், கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வு 2023-இல் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் 43.3 சதவீதம் மட்டுமே. மீதிப் பேரெல்லாம் சோம்பேறிகளா? இந்தப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, இலட்சியம் வேண்டும், வெறி வேண்டும் என்று மேடையில் முழங்குவது எனக்கு இப்போதெல்லாம் தாங்க முடியாத கொடுமையாகப் படுகிறது.

அட்டை இல்லாத புத்தகம்

ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவன் முன் வைத்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். ஐந்தாம் வகுப்புத் தங்கை பார்ப்பாள், டியூஷன் நண்பர்கள் பார்ப்பார்கள். அரசுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேண்டிய பக்கங்களை மட்டும் இறக்கி, வகுப்பின் பெயர் தெரியும் அட்டையை விட்டுவிட்டு, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துச் சுருள் கம்பி போட்டுக் கொண்டுபோனேன். எந்த வகுப்பு என்று அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இந்தச் சிறிய மறைவு இல்லாமல் வேறு எதுவும் நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். பிள்ளைகளின் மானத்தைக் காப்பது பாடம் சொல்லிக் கொடுப்பதன் ஒரு பகுதி.

அண்ணனிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பொதுத்தேர்வு வரை அவனிடம் "எவ்வளவு படித்தாய்" என்று கேட்கக் கூடாது. அவருக்கு அது எளிதாக இல்லை. "பத்தாவது பரீட்சையை வைத்துக்கொண்டு ஆறாவது பாடம் நடத்துகிறாயே அம்மிணி, நேரம் எங்கே இருக்கிறது?" என்றார். நியாயமான பயம்தான். ஆனால் பதினைந்து வயதுப் பையன் ஆறாம் வகுப்புப் பாடத்தைப் பதினொரு வயதுக் குழந்தையின் வேகத்தில் படிப்பதில்லை. அவனுக்கு மொழி தெரியும், உலகம் தெரியும், கடை தெரியும். நான்கு வருடத்துப் பள்ளம் என்று நாம் மலைக்கிறோமே, அதை நிரப்ப நான்கு வருடம் ஆகாது. பின்னம் அவனுக்கு எடைக்கற்கள் வழியாகவே வந்துவிட்டது. குறை எண்களுக்குக் கடன் நோட்டு இருந்தது: ஒருவர் ஐந்து ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார், மேலும் மூன்று ரூபாய்க்குக் கடன் வாங்குகிறார், ஆக எட்டு ரூபாய் பாக்கி. −5 − 3 எவ்வளவு என்பதில் அதற்குப் பிறகு அவன் தடுமாறவில்லை. இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்பதற்குத்தான் கடன் நோட்டு கை கொடுக்கவில்லை. ஓர் அமைப்பாக எழுதி எழுதிப் பார்த்துத்தான் அதை ஒப்புக்கொண்டான்.

ஒரு நேரத்தில் ஒரு பயிற்சிதான், முடிந்ததும் எழுந்துவிடலாம் என்பது எங்கள் ஏற்பாடு. இதற்கும் உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்கும் 1981-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஆதாரம் இருக்கிறது. கழித்தலில் மிகவும் பின்தங்கி, கணக்கு என்றாலே ஒதுங்கிய குழந்தைகளுக்கு அவர்கள் 42 பக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவிடம் ஒவ்வோர் அமர்விலும் 6 பக்கம் முடிக்கலாம் என்றார்கள். இன்னொரு பிரிவிடம் ஏழு அமர்வு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கலாம் என்றார்கள். வேலை ஒன்றுதான், இலக்கு வைத்த தூரம்தான் வேறு. கிட்டத்தில் இலக்கு வைத்த குழந்தைகள் நன்றாகக் கற்றுக்கொண்டதோடு, பிறகு யாரும் சொல்லாமலே அந்தக் கணக்குகளை எடுத்துச் செய்தார்கள். ஆர்வம் முதலில் வர வேண்டும், அதன் பிறகு படிப்பு என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் வரிசை தலைகீழ். 'நமக்கு வருகிறது' என்று ஒரு பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்த பிறகுதான் ஆர்வம் எட்டிப் பார்க்கிறது. தீபாவளி கழிந்த ஒரு ஞாயிறு, நான் போவதற்குள் அவனே இரண்டு பயிற்சிகளைப் போட்டு வைத்திருந்தான். அதைப் பெரிதாகப் பாராட்டவில்லை. விடைகளைத் திருத்தி, தப்பான ஒன்றைத் திரும்பச் செய்யச் சொன்னேன். தப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு அழித்தான்.

பள்ளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளையும் நூறு சதவீதத் தேர்ச்சி என்ற கத்தியையும் வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் ஆறாம் வகுப்புக்குத் திரும்பிப் போக முடியாது. 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போட்டு, வடிவியலும் வரைபடமும் பழகினால் 16 மதிப்பெண், மனப்பாடமாக இன்னும் சில வினாக்கள், 35-ஐத் தொட்டுவிடலாம் என்று வழிகாட்டினார்கள். அது தேர்ச்சிக்கு உதவியது, இவனுக்கும் உதவியது. ஆனால் மெல்லக் கற்பவன் என்று அவனை எப்படி அழைப்பது? ஆறாம் வகுப்புப் பின்னத்தை எடைத் தட்டில் ஒரே சாயங்காலத்தில் பிடித்தவன் அவன். கற்றுக்கொடுக்கப்படாதவனையும் மெல்லக் கற்பவனையும் ஒரே பட்டியலில் எழுதும்போது, அந்தப் பிள்ளையும் தன்னை அப்படியே நம்பத் தொடங்கிவிடுகிறான்.

இதைப் படிக்கும் எல்லோர் வீட்டிலும் இதே காரணம்தான் இருக்கும் என்று சொல்லமாட்டேன். எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு கண்டறியப்படாமலே பத்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளைகள் உண்டு. மருத்துவச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. வகுப்பில் யாரோ வதைப்பதால் புத்தகத்தையே வெறுப்பவர்கள் உண்டு. மனச்சோர்வில் எழுந்திருக்கவே முடியாத பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கு மருத்துவர்தான் வேண்டும். ஆனால் இவற்றில் எதுவாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது, பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, அவன் கை எந்த வரியில் நிற்கிறது என்று பார்ப்பதுதான். அறிவுரை சொல்லும் வாய் அதைப் பார்க்க விடாது.

2025 மே மாதம் முடிவுகள் வந்தன. கணக்கில் தேர்ச்சி பெற்றான். ஊரில் சொல்லிப் பெருமைப்படும் மதிப்பெண் இல்லை, சமூக அறிவியலில் அதைவிடக் குறைவு. பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவு எடுத்திருக்கிறான். அந்த ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு, பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இனி இல்லை என்ற அறிவிப்பும் வந்தது. பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டும் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 2017-18-இல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தன. அந்தப் பழக்கம் திரும்பினால், இன்னொரு தலைமுறைக்கு நடுவில் ஒரு வகுப்பு காணாமல் போகும். கல்லூரி முதலாம் ஆண்டில் அந்தப் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், நாம் திரும்பவும் பேச்சாளர்களை அழைப்போம். ஆகவே பிளஸ் ஒன் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், மதிப்பெண்ணைக் கேட்பதோடு எந்தப் பாடம் வரை நடத்தியிருக்கிறார்கள் என்பதையும் பள்ளியில் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் தகவல் இப்போது அவனிடமிருந்தே வருகிறது. கணக்குப்பதிவியலில் தேய்மானம் வரை போய்விட்டார்களாம். "வங்கிச் சரிகட்டும் பட்டியல் மட்டும் எனக்குப் புரியவில்லை அத்தை, அதை விட்டுவிட்டு மேலே போக வேண்டாம்" என்று போன வாரம் தங்கையை வைத்துக்கொண்டே சொன்னான். வரும் ஞாயிறு அதற்காக உட்காரப் போகிறோம். கடையின் வங்கிப் பாஸ் புத்தகத்தையும் ரொக்க ஏட்டையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்; செப்டம்பரில் இரண்டுக்கும் பொருந்தாமல் ஒரு காசோலை நிற்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.